போறேன் என்று சொல்லிக்கொடுத்த டீச்சர்

பாண்டிமீனா டீச்சருக்குப் பழங்காநத்தத்தில் வீடு, அவனியாபுரத்தில் பள்ளிக்கூடம். பிழை கண்டால் திருத்தாமல் இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையில் ஒற்று விட்டுப்போயிருந்தால் மொய் எழுதும் இடத்திலேயே சொல்லிவிடுவார். சொந்தக்காரர்களுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. பத்திரிகை கொடுக்கத்தான் யோசிப்பார்கள்.

அவருடைய ஐந்தாம் வகுப்பில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகளும் உருது பேசும் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒடிசாவிலிருந்து சஸ்மிதா வந்திருந்தாள். அவள் அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகள் அவரவர் வீட்டுப் பழக்கங்களைப் பேசிப் பகிர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பெரும்பாலும் அன்றைக்கு என்ன குழம்பு என்பதைப் பகிர்ந்தார்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள், சஸ்மிதா தன் பக்கத்தில் உட்காரும் ரோகிணியின் வீட்டுக்கு ஜல்லிக்கட்டு மாட்டைப் பார்க்கப் போனாள். கிளம்பும்போது மாட்டின் முன்னால் நின்று, "நான் போறேன்" என்றாள், தெளிவாக. மறுநாள் வாடிவாசலைத் தாண்டியதுமே மாடு பிடிபட்டது. ரோகிணியின் அப்பா வெள்ளைத்துரைக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாகக் கிளம்புகிறவள் 'போறேன்' என்றா சொல்வாள்?

பள்ளி திறந்ததும் ரோகிணி, அப்பா சொல்படி, பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். ராசியில்லாதவள் என்று மற்றவர்களும் விலகினார்கள். சஸ்மிதா மதியம் தனியாகச் சாப்பிட்டாள். டீச்சர் மற்ற பிள்ளைகளிடம் விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் கேட்டார்: "வீட்ல இருந்து கெளம்பும்போது என்ன சொல்லுவீங்க?"

எல்லாரும் 'வாரேன்' என்றார்கள். சஸ்மிதா எழுந்தாள். "ஆசுச்சி."

"அப்டின்னா?"

"வாரேன்."

"பெறகு ஏம்மா ரோகிணி வீட்ல போறேன்னு சொன்ன?"

"நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க டீச்சர். புதுசுல நான் வாரேன்னுதான் சொன்னேன். போறவ போறேன்னுதான் சொல்லணும்னு திருத்துனீங்க."

தமிழ் தெரியாமல் குழம்புகிறாள் என்று நினைத்துத் திருத்தியது டீச்சருக்கு நன்றாக நினைவிருந்தது.

மறுநாள் டீச்சர் ரோகிணியின் வீட்டுக்குப் போனபோது வெள்ளைத்துரை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பிள்ள மேல தப்பில்ல. போறேன்னு சொல்லச் சொன்னது நான்."

அவர் யோசித்தார். "அப்ப மாடு புடிபட்டதுக்கு நீங்கதான் காரணமா?"

மாட்டைப் பிடித்த ஆள் என்று ஒருவன் இருந்தானே என்று சொல்ல வாய் வந்தது. டீச்சர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டார்.

"ஆமாண்ணே. நான்தான்."

"சரி, பிள்ளைக ஒண்ணா உக்காரட்டும். அடுத்த பொங்கல் முடியிற வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வரக்கூடாது."

"சரிண்ணே. வாரேன்."

"வரக்கூடாதுன்னுதானே சொல்றேன்!"

திங்கட்கிழமை ரோகிணியின் பை பழைய பெஞ்சுக்குத் திரும்பியது. மாலை மணி அடித்ததும் சஸ்மிதா வாசலில் நின்று, எதைச் சொல்வது என்று தெரியாமல் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரோகிணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாரோம் டீச்சர்."

"வாங்கம்மா," என்றார் பாண்டிமீனா.