ஜெசிந்தாவைக் கூட்டி வரப் போன பயணம்

உயிரியல் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்று இந்தப் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறீர்கள். டீச்சர், மருந்துக் கம்பெனி ரெப், ரத்தப் பரிசோதனைக் கூடம் என்று நானும் அளந்துவிட்டிருக்கிறேன். போன மாதம் நான் போய்வந்த இந்தப் பயணத்தையும் படித்துவிடுங்கள்.

குமுளி மலையில் ஆனைக்கரைப் பக்கம் ஏலக்காய் நாற்றுகளைத் திசு வளர்ப்பில் உண்டாக்கும் ஒரு லேப். இருந்தது ஒரே இடம். நேர்முகத்தில் முதலில் வந்தவள் ஜெசிந்தா, பாலக்காட்டில் என்னோடு எம்.எஸ்சி. தாவரவியல் படித்தவள், அடுத்தது நான். "நான் சேரலடி" என்று அவள் மெசேஜ் அனுப்பியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரில் போய் இழுத்து வந்தாவது சேர்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

வேலந்தாவளத்தில் காலை ஐந்தரைக்குப் பஸ். பொள்ளாச்சி, தேனி வழியாகக் குமுளி சேர மதியம் தாண்டிவிட்டது. அங்கிருந்து வண்டிப்பெரியாறுக்கு இன்னொரு பஸ். கடைசி நான்கு கிலோமீட்டர் எஸ்டேட் ஜீப், ஆளுக்கு நாற்பது ரூபாய். பைக்குள் ஸ்வெட்டர் இருக்கட்டும்.

ஜெசிந்தா மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, கையில் கத்திரி. கல்லூரியில் தன் மைக்ரோஸ்கோப்பை யாரையும் தொடவிடாதவள்.

"எங்க அம்மை ரிட்டயர் ஆயாச்சுடி. வீட்டுல ஒருத்தர் பேராவது மஸ்டர்ல இருந்தாத்தான் லயம். இல்லன்னா ஒழிஞ்சு குடுக்கணும்" என்றாள். மஸ்டர் என்பது எஸ்டேட்டின் ஆள் கணக்கு. லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. அதை விட்டால் அவர்களுக்கு எங்கேயும் ஒரு சென்ட் நிலம் கிடையாது.

"தம்பி பேரைக் குடுத்தா ஆகாதா?"

"அவன் பிளஸ் டூ படிக்கான். பயாலஜி குரூப்பு." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"லேப் சம்பளத்துல வாடகைக்கு ஒரு ஊடு புடிச்சுக்கலாமுல்ல?"

"ஆர்டர்ல ஒரு வருஷக் கான்ட்ராக்ட்டுன்னுல்லா போட்டிருக்கு. அத நம்பியா? அது முடிஞ்சா அம்மைய எங்க கொண்டு வைக்க?"

சாயங்காலம் லயத்தில் அவள் அம்மா பால் இல்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். "நல்லா இருக்கீங்களாங்கம்மா?" என்றேன்.

"எனக்கென்ன மக்களே. அவளுக்கு நல்ல வார்த்த சொல்லிக் கூட்டிட்டுப் போ. நான் எங்கனயாவது கெடந்துக்கிடுதேன்" என்று அழுதார். ஜெசிந்தா, "சும்மா இரும்மா" என்று அதட்டிவிட்டு, வெளியே போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

அந்த எஸ்டேட் பக்கம் போகிறவர்கள் ஆறு மணிக் கடைசி ஜீப்பை விட்டால் நடைதான். வேலை தேடுகிறவர்கள், கான்ட்ராக்ட் எத்தனை காலம், குடும்பத்தோடு தங்க இடம் தருவார்களா என்று நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

இறங்கும் ஜீப்பில் லேப்பிலிருந்து போன் வந்தது. முதலில் வந்தவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், திங்கட்கிழமை நான் சேர முடியுமா என்று கேட்டார்கள். இரண்டு வருடமாக வீட்டில் சும்மா இருக்கிறவள் நான். "வந்துர்றேனுங்க" என்றேன்.

போனை வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினேன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"என்னம்மா, வாந்தி வருதா?"

"இல்லீங்ணா. வேலை கெடச்சிருக்குதுங்க."