லண்டன் தேர்தலில் சிவநேசன் அண்ணை எந்தப் பக்கம்?

சிவநேசன் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மனைவி அழைத்துச் சொன்னபோது நான் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் இருந்தேன். கைத்தொலைபேசியில் பிரித்தானியாவின் புதிய கருத்துக்கணிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கட்சித் தலைவரின் செல்வாக்கு இன்னும் கீழே போயிருந்தது. இதற்கு அண்ணை என்ன சாட்டுச் சொல்லுவார் என்று யோசித்தபடிதான் அழைப்பை எடுத்தேன். அக்கா சொன்னது மண்டைக்குள் ஏறச் சற்று நேரம் பிடித்தது.

இங்கே ஜெர்மனியில், வுப்பர்டாலில் அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இந்த விசர் தெரியும். ஜெர்மன் குடியுரிமைக்கு அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை நிரப்பிப் போடப் பஞ்சிப்பட்டு, இங்கே ஒரு தேர்தலிலும் வாக்களிக்க முடியாமல் இருந்த மனிதர், லண்டன் தேர்தலுக்காகத் தொண்டை கிழியக் கத்துவார். அவருடைய தம்பி குகன் அங்கே அந்த எதிர்க்கட்சியில் இருந்ததும் உள்ளூராட்சித் தேர்தலில் நின்றதும்தான் காரணம். தலைவரைச் சொந்தக் கட்சிக்காரருக்கே பிடிக்காது. குகன் வாக்குக் கேட்டுப் போன வீடுகளில், முதலில் தலைவரை மாற்றிவிட்டு வாருங்கள் என்றார்களாம்.

ஒருநாள் காலை வேலைக்குப் போகும்போது தொங்குரயிலில் நான்தான் வாயைக் கொடுத்தேன். அந்தத் தலைவர் அடுத்த தேர்தலில் மண் கவ்வுவார் என்றேன். இறங்கும்வரை அண்ணை விடவில்லை.

“கணிப்புக்காரனுக்குப் பதில் சொல்லுறவன் வேறை, மழைக்குள்ளை போய் வோட்டுப் போடுறவன் வேறை. இருந்து பாரும், அவர் வெல்லுவார்.”

எதிரே இருந்த ஜெர்மன் அம்மா எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

பொங்கல் விழாவில் ஒருவர், கரைசேராத ஆளுக்குப் பின்னால் உங்கள் தம்பி திரிகிறார் என்று சிரித்தார். அண்ணை சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். அந்த மனிதருடன் பிறகு அவர் பேசவே இல்லை.

செத்தவீட்டுக்குக் குகன் வந்திருந்தார். தகனம் முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். வருகிற உள்ளூராட்சித் தேர்தலில் மறுபடி நிற்பதா விடுவதா என்று கட்சிக்கு அவர் பதில் சொல்ல வேண்டுமாம். அண்ணையின் விருப்பப்படி விட்டுவிடப் போவதாகச் சொன்னார்.

“ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோனிலை அண்ணை ஒரே கதைதான். உன்ரை தலைவர் வெல்லமாட்டார், உன்னையும் சேர்த்துத் தாட்டுப்போடுவார், பேசாமல் வீட்டை இரு எண்டு. கடைசியாக் கதைச்சதும் அதுதான்.”

நான் முழித்தேன். இவர் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார் என்றுகூட நினைத்தேன். எங்களிடம் வெல்லுவார் என்றுதானே சண்டை பிடித்தார் என்றதும் குகன் நம்பவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் போய்க் கேட்டார். எல்லோரும் ஓம் என்றார்கள்.

“அப்ப அண்ணை உண்மையா என்ன நினைச்சவர்?” என்று என்னிடம் கேட்டார்.

தம்பியைப் பிறர் முன்னால் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் எங்களிடம் அப்படிச் சொன்னாரா? தம்பி வீடுவீடாக அலைந்து பேச்சு வாங்குவதைப் பொறுக்காமல் அவரிடம் இப்படிச் சொன்னாரா? இரண்டும் பாசம்தான், விளங்குகிறது. ஆனால் அந்தத் தலைவரைப் பற்றி அண்ணையின் சொந்த அபிப்பிராயம்தான் என்ன? இத்தனை காலம் அவருடன் வாதாடிய எனக்கே தெரியவில்லை. அவர்மேல் கோபம்கூட வருகிறது. எனக்கும் விளங்கவில்லை என்றுதான் குகனிடம் சொன்னேன்.

போன கிழமை குகன் அழைத்தார். தேர்தலில் நிற்கிறாராம்.

“தோத்தாலும் பரவாயில்லை. எனக்காக அவர் அங்கை சண்டை பிடிச்சது இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமப் போச்சே.”

அண்ணையிடமிருந்து எனக்கு எஞ்சியது என்ன என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நேற்று வேலைத்தளத்தில் ஒருவர், அந்தத் தலைவர் தேறவே மாட்டார் என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் வெல்லுவார் என்று அந்த ஆளுடன் சண்டைக்குப் போனேன்.