சுஷீலா போனில் பேசிய தமிழ்

ஃபிஜித் தலைநகர் சுவாவில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவு மேசையில் சுஷீலாவுக்கு வேலை. தவுவாவில் கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தேவேந்திராவைக் கட்டிக்கொண்டு சுவாவை அடுத்த லாமிக்கு வந்தவள். நோயாளிகளின் அட்டைகளை அலமாரியில் தேடித் தேடியே பல வருஷம் ஓட்டியிருந்தாள். ஓர் அட்டை கிடைக்கக் காலைப்பொழுதே போய்விடும். ஆட்சிக் கவிழ்ப்புக்கு முந்தின வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. பெயரைத் தட்டினால் போதும். வயது, இனம், வியாதி, விலாசம் எல்லாம் திரையில் வந்து நிற்கும். தொட்டால் கெட்டுவிடுமோ என்று முதலில் நடுங்கியவள், நாலைந்து மாதத்தில் அதை வேறு யாரும் தொடவிடாத அளவுக்குப் பழகிவிட்டாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதம் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து இந்தியர் தலைமையிலான அரசாங்கத்தையே சிறைபிடித்தார்கள். இந்தியர்களின் கடைகள் எரிந்தன. இருட்டினால் ஊரடங்கு. அந்த நாட்களில்தான் விரேந்திரா என்ற தொழிற்சங்கக்காரனை மண்டை உடைந்த நிலையில் கொண்டுவந்தார்கள். தையல் போட்டு அனுப்பினார்கள். லாமியில் அக்கா வீட்டில் தங்கியிருப்பதாகச் சொன்னான். அதைத் தட்டி ஏற்றியது சுஷீலாதான்.

மறுநாள் பிற்பகல் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் தோளில் துப்பாக்கி. நர்ஸ் லிட்டியா குறுக்கே போய், “இது ஆஸ்பத்திரி, வெளியே போ” என்று அவர்களுடைய ஃபிஜி மொழியிலேயே அதட்டினாள். அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் துப்பாக்கிக்காரன் மேசைக்கு வந்தான்.

“விரேந்திரா. தலையில தையல் போட்டவன். எங்க இருக்கான்?” இந்தியில் கேட்டான்.

“தெரியாது, பாயி. தினம் எத்தனையோ பேர் வராங்க.”

“அந்தப் பெட்டிக்குத் தெரியும். தட்டு.”

பழைய அட்டையாக இருந்தால், தேடணும், நாளைக்கு வாங்க என்று சொல்லியிருப்பாள். ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டினாள். பாதி பயம், பாதி வேண்டுமென்றே. அவன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். “ஒழுங்கா அடி.” அடித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் லாமி விலாசம் திரையில் வந்து நின்றது. அவன் அவளுடைய பேனாவையே எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். கூட வந்தவன், “பெட்ரோல் போடப் போன வண்டி வரட்டும்” என்றான்.

அப்போது மேசையிலிருந்த போன் மணி அடித்தது. தேவேந்திராவாகத்தான் இருக்கும். ஊரடங்குக்கு முன்னால் அவளை எப்போது கூட்டிப்போக வரலாம் என்று லாமியில் தன் மோட்டார் பட்டறையிலிருந்து தினமும் கூப்பிடுவான்.

“எடு. எங்களப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது.”

வீட்டில் அவர்கள் பேசுவது இந்தி. அது இவனுக்குப் புரியும். இங்கிலீஷும் புரியும். தமிழ், கோயிலிலும் மாமியாரிடமும் பேசுவதோடு சரி. சுஷீலா ரிசீவரை எடுத்தாள்.

“நல்லா கேளுங்க. சத்தம் போடாதீங்க,” என்றாள் தமிழில்.

“என்னா திடீர்னு தமிழு? கோயில்லயா இருக்கே?” தேவேந்திரா சிரித்தான்.

“மண்ட ஒடஞ்சவன் ஒருத்தன் வந்தான்னு சொன்னேனே. அவன் அக்கா ஊடு தெரியும் இல்ல? கோயிலுக்குப் பின்னால.”

“ஆமா.”

“அங்க வரப்போறாங்க. கையில சாமான் இருக்குது. இங்கதான் என் முன்னாடி நிக்கறாங்க. அந்த ஊட்ல ஒருத்தர் இருக்கக் கூடாது. இப்பவே இட்டுகினு போயிடுங்க.”

மறுமுனையில் ஏதோ இரும்பு கீழே விழும் சத்தம் கேட்டது.

“என்ன பாஷை அது?” துப்பாக்கிக்காரன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

“மதராசி. சோறு இருக்கான்னு கேக்கறாரு.” ரிசீவரில், “பருப்ப மட்டும் சூடு பண்ணிக்குங்க” என்றாள்.

“நீ?” என்றான் தேவேந்திரா.

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

வண்டி வரும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். அவர்கள் போன பிறகு பக்கத்தில் லிட்டியா உட்கார்ந்து சுஷீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். லாமிக்குப் போவது வேறு வழியில்லாத ஒற்றை ரோடு. புருஷன் அவர்கள் கண்ணில் பட்டிருந்தால்? அவள் சொன்னது அவனுக்குப் பாதிகூடப் புரியாமல் இருந்திருந்தால்? பட்டறைக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் தேவேந்திரா வாசலில் வந்து நின்றான். சட்டையெல்லாம் கிரீஸ்.

“அக்கா தம்பி ரெண்டு பேரையும் வண்டியில தார்ப்பாய் போட்டு மூடி, லாமியத் தாண்டி நாவுவாவுல விட்டுட்டு வரேன்,” என்றான். “வர்றப்ப பாத்தேன். அந்த ஊட்டுக் கதவு ஒடஞ்சு கெடக்குது.”

பயம் அன்றோடு போகவில்லை. மேசைமேல் நிழல் விழுந்தாலே யாரென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர்கள் திரும்பி வருவார்கள், அந்த மதராசிப் பேச்சு என்னவென்று கேட்பார்கள் என்றே இருந்தது. திரை கண்ணில் படாதபடி லிட்டியா மேசையைச் சுவரோரமாகத் திருப்பிப் போட்டுக் கொடுத்தாள். விலாசத்தைத் திரையிலிருந்து மறைக்க முடியுமா என்று சுஷீலா பெரிய டாக்டரிடம் கேட்டாள். கம்ப்யூட்டரை மாட்டிக்கொடுத்தவன் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிவிட்டான், வேறு யாருக்கும் தெரியாது என்றார் அவர். பிறகு அவரும் நாட்டை விட்டுப் போய்விட்டார்.

நியூசிலாந்து விசா வரும்வரை, அடுத்த வருஷமும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். விரேந்திரா சிட்னிக்குப் போய்ச் சேர்ந்ததாக அவன் அக்கா சொல்லியனுப்பினாள். சுஷீலாவும் தேவேந்திராவும் ஆக்லாந்துக்குப் போனார்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரி அவளை இரண்டு முறை பதிவு வேலைக்குக் கூப்பிட்டது. அவள் போகவில்லை, ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.