டீ என்று அடித்தால்

கம்ப்யூட்டரில் எதைத் தொடங்க வேண்டுமென்றாலும் என் கை தானாகவே திரையின் இடது கீழ்மூலைக்குப் போகும். இத்தனை வருஷமாக அந்தப் பொத்தான் அங்கேதான் இருந்தது. போன வாரம் புது விண்டோஸ் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்தால் பொத்தானை நடுவில் தூக்கி வைத்திருக்கிறது. பழக்கதோஷத்தில் மூலைக்குப் போனால் அங்கே இன்றைக்கு வெயில் எவ்வளவு என்று காட்டுகிறது. கோவில்பட்டியில் வெயில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எனக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? முதுகில் சட்டை ஒட்டியிருப்பது போதாதா?

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். வீடு மாறி ஆறு மாதம் ஆன பிறகும் வண்டி பழைய தெருவுக்குள் திரும்பும் அல்லவா, அந்த மாதிரிதான் இதுவும். பழகிவிடும் என்கிறார்கள். பழகிவிடும்தான். இந்தப் புதுசு வேண்டாம், வேண்டாம் என்று நான் இத்தனை காலம் அடம்பிடித்ததற்குக் காரணம் பொத்தான் அல்ல. அந்தப் பழைய பெட்டிக்குள் ஒரு வரி இருந்தது. அது போய்விடக் கூடாது என்று பயந்தேன். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சர்வீஸ் பார்க்கும் முருகேசன் பெட்டியைக் கொண்டுபோவதற்கு முன்னால் கடை வாசலில் வைத்துக் கழற்றி, ஊதுகிற மிஷினால் ஊதினார். கறுப்பாக ஒரு மேகமே கிளம்பியது. "உள்ள ஒரு குறுக்கம் கரிசல் நெலமே கெடக்கு அண்ணாச்சி, பருத்தி போடலாம்" என்று இருமினார். சூடேறிய புழுதியும் பழைய ஒயரும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் காஜாவின் ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் கடை தொடங்கிய புதிதில் மாதம் ஒருதடவை அவன்தான் பெட்டியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் துடைப்பான். துடைக்கும்போதெல்லாம் ஒரே வசவுதான். வசவு புழுதிக்கு அல்ல, எனக்கு.

காஜாவும் நானும் சேர்ந்து போட்ட கடை இது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், தலைக்கு மேலே சத்தம் மட்டும் போடுகிற ஒரு ஃபேன். போர்டில் 'டிடிபி சென்டர்' என்று எழுதியிருந்தோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஊருக்கு நல்லது கெட்டது எதுவானாலும் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போகும். அவன் அடிப்பான், நான் அழகுபடுத்துவேன். ஆள் வந்தால் இடம் மாறிக்கொள்வோம். பேச்சுக்கு அவன், பெட்டிக்கு நான்.

அந்தப் பழைய விண்டோஸில் ஒரு படம் வருமே, பச்சை மேடும் நீல வானமும், ஞாபகம் இருக்கிறதா? இடைசெவல்காரர் ஒருவர் பேரனுடைய காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். வேலை முடியும்வரை கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்தூரு தம்பி?"

"அமெரிக்கா அண்ணாச்சி" என்றான் காஜா.

"நல்ல மழை போல" என்றார். பத்திரிகையை வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் திரும்பி வந்து கேட்டார்: "இம்புட்டு நெலத்தையும் உழாமப் போட்டு வச்சிருக்கானே, ஆளு கெடைக்கலையோ?"

அன்றைக்கு முழுவதும் நாங்கள் சிரித்தோம். இப்போது வந்திருக்கும் புதுப் படத்தில் நீலத் துணியைக் கசக்கிப் போட்ட மாதிரி ஏதோ இருக்கிறது. அதைப் பார்த்து யார் என்ன கேட்பார்கள்?

காஜாவிடம் ஒரு கொள்கை இருந்தது. முக்கியமானது எதுவாக இருந்தாலும் D டிரைவில்தான் போட வேண்டும். "C-ங்கிறது வாடக வீடு மாதிரிலே. என்னைக்கு வேணும்னாலும் காலி பண்ணச் சொல்லிருவான். D-தான் சொந்த வீடு" என்பான். கரன்ட் போய்ப் போய் வந்து, C டிரைவ் படுத்துக்கொண்ட நாட்களில் எல்லாம் D எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். என் மகளின் மார்க் ஷீட் முதல் எதிர்வீட்டு நாய்க்குட்டியின் போட்டோ வரை எல்லாமே D-யில்தான் இருக்கிறது.

காஜாவுக்கு ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கப் பிடிக்காது. வேர்டில் சுருக்கெழுத்து மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. இந்த எழுத்தை அடித்தால் இந்த வாசகம் வர வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டால் போதும், அதுவே மாற்றிப் போட்டுவிடும். காஜா அதில் ஊரையே அடைத்து வைத்திருந்தான். 'சுற்' என்று அடித்து இடைவெளி தட்டினால், தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டும் என்று ஓடி வந்து நிற்கும். 'கஅ' என்றால் கண்ணீர் அஞ்சலி முழுசாக வரும். 'மௌ' என்றால் காஜாவின் ஜமாத் ஆட்களுக்கான மௌத்து அறிவிப்பு, அதாவது சாவுச் செய்தி. பெயரும் நேரமும் மட்டும் நாம் போட்டால் போதும்.

இனி டீ விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு டீ என்றால் உயிர். வயிற்றில் புண், டீயைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. ஆள் நிற்கும்போது வாய்விட்டு டீ சொல்லவும் முடியாது. சொன்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது எங்கள் ஊர் மரியாதை. கல்யாணப் பத்திரிகைக்கு எட்டுப் பேர் சேர்ந்து வருவார்கள். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். திரையில் 'டீ சொல்லவா' என்று அடித்துவிட்டு லேசாக இருமுவேன். காஜா பேச்சை விடாமலே திரையைப் பார்த்துத் தலையாட்டுவான். எட்டுப் பேரும் போன பிறகு டீ வரும்.

ஒருநாள் அப்படி 'டீ' என்று அடித்து இடைவெளி தட்டினேன். எழுத்து தானாக மாறி 'இப்பதானலே குடிச்ச' என்று வந்து நின்றது. திடுக்கிட்டுத் திரும்பினால் காஜா பத்திரிகைக்காரர்களிடம் படுதீவிரமாக முகூர்த்த நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறான். உதடு மட்டும் துடிக்கிறது.

அந்த வாரமே வினை வந்தது. எட்டயபுரம் ரோட்டில் ஒருவர் புதிதாக டீ ஸ்டால் திறக்கிறார் என்று நோட்டீஸுக்கு வந்தார். நான்தான் அடித்தேன். அவசரம். சரிபார்க்காமலே அச்சுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் மனுஷன் ரோஸ் நிற நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார். கொட்டை எழுத்தில் 'இப்பதானலே குடிச்ச ஸ்டால் திறப்பு விழா, அனைவரும் வருக' என்று இருந்தது.

"ஏய்யா, எனக்கு யாவாரம் நடக்கக் கூடாதுன்னே அடிச்சீங்களா?"

காஜா அந்தத் தாளைக் கையில் எடுத்து முழுசாகப் படித்தான். படித்து முடித்ததும் அப்படியே மேஜைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் கண்ணீர் கொட்டுகிறது. வந்தவர் கொஞ்ச நேரம் முறைத்தார், பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு அடித்துக் கொடுத்தோம். அதற்குள் ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்து, அந்தக் கடைக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகாவது அந்த வரியை எடுத்திருக்கலாம். "மொதல்ல அத எடுலே" என்று நான் சொன்னேன். "நீ மொதல்ல டீய விடு, நான் அத எடுக்கேன்" என்றான். இரண்டும் நடக்கவில்லை. டீ ஸ்டால் என்று யார் வந்தாலும் நாங்கள் 'தேநீர் நிலையம்' என்று அடிக்கத் தொடங்கினோம். இந்தப் பக்கத்து டீக்கடைப் பலகைகளில் கொஞ்ச காலம் தேநீர் தேநீராக ஓடியதற்குக் காரணம் இதுதான். எங்களைப் பெரிய தமிழ்ப் பற்றாளர்கள் என்று ஒரு வாத்தியார் கடைக்கு வந்து பாராட்டிவிட்டுக்கூடப் போனார். காஜா அடக்கமாகத் தலை குனிந்து நின்றான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். மதுரைக்குக் கொண்டுபோனோம். பிழைக்கவில்லை. சாயங்காலம் ஜமாத்திலிருந்து போஸ்டருக்கு ஆள் வந்தது. வேறு கடையில் அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்து 'மௌ' என்று அடித்தேன். அவன் எழுதி வைத்திருந்த வாசகம் வரிசையாக வந்து நின்றது. பெயருக்கும் நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. அவனுடைய பெயரை அடித்தேன். இடைவெளி தட்டிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தேன். தன் பெயருக்கும் ஏதாவது கிண்டல் வைத்திருப்பான், அது மாறி வரும் என்று ஒரு நப்பாசை. பெயர் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகும் டீ கேட்கும்போது திரையில் அடிப்பேன். ஆள் இல்லாதபோதும் அடிப்பேன். இப்பதானலே குடிச்ச என்று வரும். சில நாள் அதைப் பார்த்துவிட்டு டீ சொல்லாமல் இருந்துவிடுவேன். சில நாள் அழுதிருக்கிறேன். சொன்னால் என்ன, அழுதேன்.

பழைய விண்டோஸில் புது பிரின்டர் வேலை செய்யவில்லை. அச்சகத்துக்கு அனுப்புகிற ஃபைலும் அங்கே திறக்கவில்லை. வாடிக்கை குறையத் தொடங்கியதும் வேறு வழி இல்லாமல் முருகேசனைக் கூப்பிட்டேன்.

"எல்லாம் அப்படியே இருக்கும்ல?" என்று கேட்டேன்.

"D-ல உள்ளதுல கை வைக்க மாட்டேன் அண்ணாச்சி. உங்க ஜாமான் எல்லாம் D-லதான இருக்கு?"

"ஆமா, எல்லாம் D-லதான்" என்றேன். காஜா சொன்னபடி.

பெட்டி திரும்பி வந்தது. முதல் வேலையாக ஒரு கல்யாணப் பத்திரிகை. 'சுற்' என்று அடித்து இடைவெளி தட்டினேன். 'சுற்' என்றே நின்றது. உடனே 'டீ' என்று அடித்தேன். டீ என்றே நின்றது. முருகேசனுக்குப் போன் போட்டு, சுருக்கெழுத்து எதுவும் வரவில்லை என்றேன்.

"அந்த லிஸ்டு C-ல ஒரு மூலையில கெடக்கும் அண்ணாச்சி. C-ய அழிக்காம புதுசு எப்படி ஏறும்? நீங்க எல்லாம் D-லன்னு சொன்னீங்க..."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாரையும் சொந்த வீட்டில் குடிவைத்த காஜா, தான் மட்டும் வாடகை வீட்டிலேயே இருந்திருக்கிறான். அவனுக்கும் அது தெரிந்திருக்காது.

முந்தாநாள் அவன் மகள் பர்வீன் வந்தாள். அவளுக்கு அடுத்த மாதம் நிகாஹ். அத்தா எழுதிய வாசகத்தில்தான் பத்திரிகை வேண்டும் என்றாள். D-யில் தேடியதில் அவன் யாருக்கோ அடித்த பழைய பத்திரிகை ஒன்று கிடைத்தது. வாசகம் பிழைத்தது, பெயர்களை மாற்றிக் கொடுத்தேன். கிளம்பும்போது கேட்டாள்.

"மாமா, டீன்னு அடிச்சா அத்தா பேசுவாங்கன்னு சொல்லுவீங்கள்லா. ஒருதடவ காட்டுங்களேன்."

அடித்துக் காட்டினேன். டீ என்றே நின்றது. அவளுக்கு விளங்கிவிட்டது.

"அதுக்கென்ன மாமா, ஒரு நிமிஷம். நானே திரும்பப் போட்டுத் தாரேன்" என்று மவுஸைப் பிடித்தாள்.

"இருக்கட்டும்மா" என்றேன்.

அவள் போட்டால் வரும். நான் போட்டாலும் வரும். ஆனால் அது நானே என்னிடம் சொல்லிக்கொள்வதுதானே. அவள் மவுஸை விட்டுவிட்டு, அவன் உட்காருகிற நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

எட்டயபுரம் ரோட்டு டீ ஸ்டாலும் இப்போது இல்லை, அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். நேற்று ஒருவர் பைபாஸில் டீ ஸ்டால் போடுகிறேன் என்று பிளக்ஸுக்கு வந்தார். பழக்கத்தில் தேநீர் நிலையம் என்று அடித்தேன். "டீ ஸ்டால்னே போடுங்கண்ணே" என்றார். போட்டேன். சரியாக வந்தது, எந்தத் தப்பும் இல்லை.

அவர் போன பிறகு ஒரு டீ குடித்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று குடித்தேன். இனி எத்தனை வேண்டுமானாலும் குடிக்கலாம், கேட்க ஆள் இல்லை.