காளைத் தலைக்குள் பதினொரு வாரம்

மெல்பேர்ணுக்கு வந்த இரண்டாவது கோடையில் நான் ஒரு மிருகமானேன். அதற்கு முன் படவரைஞர். கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பத்து வருடம் வாய்க்கால்களும் மதகுகளும் வரைந்தவன். இங்கே அந்தப் பத்து வருடத்தை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் "பிறகு சொல்கிறோம்" என்றார்கள். கடைசியில், பிள்ளைகளுக்கான தொலைக்காட்சித் தொடர் எடுக்கும் ஒரு சின்ன ஸ்டூடியோவில் அரங்குச் சுவர்கள் வரையும் வேலை கிடைத்தது. நான் கொழும்பை விட்டு வரும்போது அங்கே தொலைக்காட்சியே கிடையாது.

ஸ்டூடியோ என்பது பழைய கம்பளிக் கிடங்கு. தகரக் கூரை. மழை பெய்தால் படப்பிடிப்பு நின்றுவிடும்.

தொடரின் கதை கிரேக்கப் பழங்கதை. ஒரு தீவின் அரசிக்குக் காளைத் தலையோடு ஒரு பிள்ளை பிறக்கிறது. அரசன் அதை, உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாத ஒரு மாளிகைக்குள் அடைத்துவிடுகிறான். அது மனிதரைத் தின்னும் என்று ஊரே நடுங்குகிறது. எங்கள் தொடரில் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். வழி தவறி உள்ளே போன ஒரு சிறுமியை அந்த மிருகம் தின்னவில்லை. தண்ணீர் கொடுக்கிறது, தோளில் தூக்கிக்கொண்டு வாசலைத் தேடுகிறது. ஒவ்வொரு வாரமும் வாசல் தப்பிப்போகும். அந்தச் சுற்றுவழிகளைத்தான் நான் வரைந்தேன். உண்மையில் இருந்தது சக்கரம் பூட்டிய ஒன்பது பலகைச் சுவர்கள் மட்டும். அவற்றையே திருப்பித் திருப்பி வைப்போம்.

மிருகத்தின் உடுப்புக்குள் இருந்த நடிகர் மூன்றாம் நாளே மயங்கி விழுந்தார். வடக்கிலிருந்து அனல்காற்று அடித்த நாள் அது. டைரக்டர் சுற்றிப் பார்த்தார். அங்கே என்னைவிட உயரமானவர் யாரும் இல்லை.

"நீ சூடான நாட்டிலிருந்து வந்தவன்தானே, உனக்கு இது பழகியிருக்கும்" என்றார்.

கொழும்பில் நான் மின்விசிறிக்குக் கீழே இருந்து வேலை செய்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். இரட்டைச் சம்பளம் என்றார்கள். உள்ளே இறங்கினேன்.

தலை மட்டும் ஒரு மூட்டை அரிசிப் பாரம் இருக்கும்போல எனக்குத் தோன்றும். பார்ப்பதற்கு மூக்குத் துவாரங்கள் இரண்டுதான் வழி. உள்ளே பசை நாற்றம், என் மூச்சின் சூடு. குரல் என்னுடையதல்ல. நாடக நடிகர் ஒருவர் வேறொரு அறையில் இருந்து பேசி அதைப் பிறகு சேர்ப்பார். என் உச்சரிப்பு பிள்ளைகளுக்கு விளங்காதாம். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் தலையைக் கழற்ற நேரம் இருக்காது. கதிரையில் இருக்கவும் முடியாது, வால் இடிக்கும். அதனால் நடந்துகொண்டே இருப்பேன், சுவருக்குச் சுவர்.

உடுப்பு மாட்டிவிடும் பெண் கிரேக்கத்திலிருந்து வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொளுக்கிகளைப் போட்டபடி ஒரு நாள் சொன்னார்: "இவனை எல்லாரும் காளை மனிதன் என்றுதான் சொல்லுகிறார்கள். ஆனால் இவனுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று உண்டு. நட்சத்திரம் மாதிரி என்று அர்த்தம். அந்தப் பெயரை இந்தத் தொடரில் ஒருவரும் சொல்லப் போவதில்லை."

அன்றைக்கு முழுவதும் அது என் காதில் நின்றது.

வீட்டிலும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ட்ராமில் இரண்டு தரிப்பு முன்னாலேயே இறங்கி நடப்பேன். வீட்டுக்கு வந்தால் குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் நடை.

"என்னப்பா, கூட்டில அடைச்ச மாதிரி நடந்துகொண்டு திரியிறியள்? ஒரு கதிரையில இருங்கோவன்" என்பாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் தாதி. நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள்.

எங்கள் மகளுக்கு ஏழு வயது. அந்த மிருகம் நான்தான் என்று அவளுக்குச் சொல்லவில்லை. மனைவிதான் வேண்டாம் என்றாள். "பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணுவினம். அவளுக்கு இப்பவே படுற பகிடி போதும்." தொடர் ஓடத் தொடங்கியபோது நாங்கள் இன்னும் பின்பாதியை எடுத்துக்கொண்டிருந்தோம். வாரம் ஒரு பின்னேரம். மகள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஒரு முழத்தூரத்தில் இருந்து பார்ப்பாள். சிறுமியை மிருகம் தோளில் தூக்கும்போதெல்லாம் இவள் உடம்பும் எம்பும். நான் பின்னால் நின்று பார்ப்பேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மிருகத்தோடு அவள் அவ்வளவு கதைத்தாள். என்னோடு ஒன்று இரண்டு சொல்தான்.

கடைசிக் காட்சியில் இளவரசன் வந்து மிருகத்தைக் கொல்ல வேண்டும். சிறுமியை இளவரசன் தப்பவைப்பான். டைரக்டரிடம் நான் கேட்டேன், அந்த வேலையில் நான் கேட்ட ஒரே கேள்வி: "இவ்வளவு நாளும் பிள்ளையைக் காப்பாற்றினவனை ஏன் கொல்லவேண்டும்?"

"பழங்கதை அப்படித்தான் முடிகிறது. நீ விழு, போதும்" என்றார்.

விழுந்தேன். முதல் தடவை, சிறுமியாக நடித்த பிள்ளை உண்மையாகவே அழுதுவிட்டது. நிறுத்தி மறுபடி எடுத்தார்கள். நாலாவது தடவை மரவாள் விலாவில் நன்றாகவே பட்டது. வீட்டில் மனைவி சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். முதலில் சிரித்தாள். பிறகு, "பிள்ளை இதைப் பார்க்கப் போறாளே" என்றாள்.

அது ஒளிபரப்பாக இரண்டு வாரம் இருந்தது. அந்தப் பின்னேரம் அவளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவோமா என்று யோசித்தேன். "போனால், அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில கேள்விப்படுவாள். அது இதைவிட மோசம்" என்றாள் மனைவி. எனக்கு நித்திரை இல்லை. ஒரு பொம்மைத் தலைக்காக இவ்வளவா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். காவலாளி திறந்துவிட்டார். உடுப்பு அறைத் தட்டில் தலை இருந்தது. மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். துவாரங்களுக்குள்ளால் அவள் சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை. கழற்றியபோது என் முகத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முழுக்க நீங்களா?" ஆங்கிலத்தில் கேட்டாள்.

"குரல் இல்லை. மற்றதெல்லாம் நான்தான்."

"அப்ப அந்தப் பிள்ளையைத் தூக்கினது?"

"ஓம். நான்தான்."

அவள் முகம் மாறியது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். "என்னை நீங்கள் அப்படித் தூக்குவதில்லை" என்றாள்.

அங்கேயே அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, என்னுடைய அந்த ஒன்பது சுவர்களுக்கும் இடையில் நடந்தேன். விலா வலித்தது. கடைசி வாரத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதை நடந்தபடியே சொன்னேன்.

ஒளிபரப்பான பின்னேரம் என் மடியில் இருந்து பார்த்தாள். வாள் பட்டதும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள். முடிந்ததும் கேட்டாள்: "மற்றப் பிள்ளைகளுக்கு ஆர் சொல்றது?"

அடுத்த நாள் வகுப்பில் எழுந்து நின்று அவளே சொல்லிவிட்டாள்: மிருகம் சாகவில்லை, எங்கள் வீட்டில் இருக்கிறது, அது என் அப்பா. பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ரீச்சரிடமிருந்து கடிதம் வந்தது: உங்கள் மகள் கதை கட்டத் தொடங்கியிருக்கிறாள், வந்து பேச முடியுமா?

"நான் அப்பவே சொன்னனான்" என்றாள் மனைவி. ஆனால் என் நல்ல சேர்ட்டை அவளே அயர்ன் பண்ணிக் கொடுத்தாள்.

ரீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுப் போனார். நேரே என்னை வகுப்புக்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். முப்பது முகங்கள். ஒருவரும் நம்பவில்லை. மகள் தன் மேசையைப் பார்த்தபடி இருந்தாள்.

"உறுமிக் காட்டு" என்றது ஒரு குரல்.

உறுமல் என்னுடையதல்ல. திரும்பிப் போய்விடலாம் என்று கால்கள் சொன்னன. அப்போதுதான், காலைத் தூக்கி வைத்தபோதுதான், எனக்கு விளங்கியது. அந்தத் தலைக்குள் கழுத்தைத் திருப்ப முடியாது. ஒரு பக்கம் பார்க்க வேண்டும் என்றால் முழு உடம்பும் திரும்ப வேண்டும், பாரத்துக்கு ஒரு தோள் தாழும், காலைத் தரையில் தடவித் தடவித்தான் வைக்க வேண்டும். கரும்பலகைக்கு முன்னால் அப்படியே நடந்தேன். ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவருக்கு. முழு உடம்பாகத் திரும்பி, பிள்ளைகளைப் பார்த்தேன்.

பிறகு முன்வரிசைப் பிள்ளை ஒன்று மெதுவாக, "அவன்தான்" என்றது.

அதற்குப் பிறகு கதிரைகள் எல்லாம் இழுபட்டன. ஏன் கடிக்கவில்லை என்று கேட்டார்கள். வாய் ஒட்டியிருந்தது என்றேன். தோளில் தூக்கச் சொன்னார்கள். மகள் எழுந்து வந்து, வரிசையில் நிற்கும்படி எல்லாரையும் ஒழுங்குபடுத்தினாள். அவனுக்கு ஒரு பெயர் உண்டு, நட்சத்திரம் மாதிரி என்று அர்த்தம் என்று நான் சொன்னேன். ரீச்சர் 'நட்சத்திரம் மாதிரி' என்று கரும்பலகையில் எழுதிவைத்தார்.

அடுத்த தொடரில் பேசும் மரமாக நிற்க வரச்சொல்லி டைரக்டர் கேட்டார். அசையாமல் நிற்பது என்னால் முடியாது என்றேன். குளிர் தொடங்குவதற்குள் நிலஅளவை செய்யும் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்க வெட்டவெளியில் அளக்கும் சங்கிலியும் நடுகிற மரக்குற்றிகளும் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை. மனைவிக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுக்குள் சேறு வரும் என்றாள்.