நாலாம் கட்டத்து ஸ்டேஷன்

லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இரகுநாதன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மருந்தய்யா என்றால்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவர். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்புவார். நாற்பது வயது, முன்தலையில் வழுக்கை, சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லை. அந்த மனிதர் வேலை முடிந்ததும் குவாட்டர்ஸுக்குப் போய்க் கம்பியூட்டரில் கேம் விளையாடுகிறவர் என்பது கொஞ்சப் பேருக்குத்தான் தெரியும்.

அது பதுளையில் பிடித்த பழக்கம். வேலை கிடைத்த புதிதில், கொழும்புக் கம்பெனி ஒன்று கழித்துவிட்ட கம்பியூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். தம்பி மதுரன் அவரைவிடப் பதினொரு வயது இளையவன். விசைப்பலகை ஒன்றுதான். இடது பக்கம் தம்பிக்கு, வலது பக்கம் அண்ணனுக்கு. ஒருவர் ஓட்ட, மற்றவர் சுடுவார். அவர்களுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளை ரயில்வே ஸ்டேஷனில் சரக்குப் பகுதியில் வேலை பார்த்தவர். முதலில் வாசலில் நின்று ஏசுவார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையைக் காட்டி, "உவன் ஏன் அந்தக் கதவைத் திறக்கேல்லை?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்.

கொழும்புக்குப் படிக்கப் போன மதுரனை, சண்டைக் காலத்துச் சந்தேகத்தில் பொலிஸ் இரண்டு தரம் பிடித்து வைத்து விசாரித்தது. இரண்டாம் தரம் வெளியே எடுத்ததும் அப்பா அவனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார். 2003இல் அப்பா இறந்தபோது மதுரனுக்கு அங்கே இன்னும் விசா சரிவரவில்லை. வெளியே கிளம்பினால் திரும்பி உள்ளே போக முடியாது. இரகுநாதன் செத்தவீட்டில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தேவாரம் படிக்கிற சத்தத்தை மதுரன் அங்கிருந்து கேட்டான்.

அவன் படித்ததும் கம்பியூட்டர்தான். ஒரு கேம் கம்பெனியில் சேர்ந்து மலை, மரம், கட்டடங்கள் வரைகிற வேலை செய்தான். 2008 கடைசியில் அவனிடமிருந்து ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. கற்பனையான ஒரு மலைநாட்டில், காணாமல் போன ரயிலொன்றைத் தேடி ஒரு பெண் போகிற விளையாட்டு. பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மதுரனின் பெயரும் இருந்தது. இரகுநாதனின் மனைவி கேசினி அந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அன்றைக்கே மதுரன் போன் எடுத்தான்.

"அண்ணா, நாலாம் கட்டத்துக்குப் போங்கோ. ஒரு ஸ்டேஷன் வரும். பதுளை ஸ்டேஷன் மாதிரித்தான் செஞ்சனான். அப்பாவை அதில வச்சிருக்கிறன்."

"என்னடா சொல்றாய்?"

"பிளாட்பாரத்தில நிக்கிறவர் அப்பாதான். முகம், நடை எல்லாம் அப்பா. கம்பெனியில ஒருத்தருக்கும் தெரியாது. போய்ப் பாருங்கோ."

கனடாவில் இருக்கிறவன் ஐந்து வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த அப்பாவை ஒரு சீடித் தட்டில் போட்டு அனுப்பியிருக்கிறான் என்று இரகுநாதனுக்குத் தோன்றியது.

தட்டைப் போட்டார். ஏற்றினார். முதல் திரையிலேயே அறிவிப்பு வந்தது: விளையாடுகிற நேரமெல்லாம் இன்டர்நெட் தொடுப்பு இருக்கவேண்டும். களவாகப் பிரதி எடுப்பதைத் தடுக்கக் கம்பெனி செய்த ஏற்பாடு. ஒவ்வொரு அடிக்கும் விளையாட்டு எங்கோ இருக்கிற கம்பெனியின் சேர்வரோடு பேசிக்கொண்டிருக்கும். தொடுப்பு அறுந்தால் விளையாட்டும் நின்றுவிடும்.

குவாட்டர்ஸில் இருந்தது வயரில்லாத வீட்டு போன். அதில்தான் இன்டர்நெட்டும். லுணுகலையில் மூடுபனி இறங்கினால் பக்கத்து வீட்டுக்குப் பேசவே வராது. இரகுநாதன் போனை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தார், அலுமாரிக்கு மேலே வைத்துப் பார்த்தார், கேசினி அதைக் கையில் ஏந்திக்கொண்டு முற்றத்தில் நின்றும் பார்த்தாள். மலைப்பாதையில் நன்றாக ஓடிக்கொண்டிருப்பார், படம் உறைந்துபோகும். "தொடுப்பு இல்லை" என்று ஆங்கிலத்தில் வரும். மறுபடி தொடுத்தால், கஷ்டப்பட்டுக் கடந்த பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டிருக்கும்.

கம்பெனிக்கு ஈமெயில் போட்டார். "உங்கள் இன்டர்நெட் தொடுப்பைச் சரிபார்க்கவும்" என்று பதில் வந்தது. இங்குள்ள நிலையை விளக்கித் திரும்பவும் எழுதினார். அதே பதில் திரும்பவும் வந்தது.

ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற தனலெட்சுமிக்கு விஷயம் தெரியும். கேசினி சொல்லியிருந்தாள். காலையில் வாளியை வைத்துவிட்டு முதலில் அதைத்தான் கேட்பாள்.

"அப்பாவப் பாத்தீங்களாய்யா?"

"இன்னும் இல்லை."

"ஒங்க சொந்தத் தம்பி செஞ்சது. அவரே ஒங்களுக்கு அனுப்பி வச்சிருக்காரு. அத நீங்க பாக்கறதுக்கு வேற ஒருத்தன் சரின்னு சொல்லணுமாங்க?"

"அப்பிடித்தான் செஞ்சு வச்சிருக்கினம்."

"அநியாயமா இருக்குங்க," என்றுவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அவருக்கு அந்தக் கேள்வி நாள் முழுக்க உள்ளே கிடந்து அரிக்கும்.

தை மாதம் ஒரு லீவு நாளில் விளையாட்டை ஏற்றியிருந்த கம்பியூட்டரைக் கழற்றி, பெட்டியைப் போர்வையில் சுற்றி, கணவனும் மனைவியும் பதுளை பஸ்ஸில் ஏறினார்கள். பசறை வளைவுகளில் அது ஆடாமல் இருக்க இரகுநாதன் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "புள்ளைக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று பின்சீட்டுக் கிழவி எட்டிப் பார்த்தாள். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹுமைத் என்பவர் நெட் கடை வைத்திருந்தார். கேம் தட்டுகளும் பிரதி போட்டு விற்பார். அவர் கடையில் கேபிள் தொடுப்பு. லேசில் அறுந்துபோகாது.

"வாங்க சேர், மூலையில ஒரு மேச இரிக்கி, அதுல வைங்க," என்றார் ஹுமைத். காரணத்தைக் கேட்டபிறகு அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு எல்லாம் ஓடியது. இரண்டாம் கட்டம் முடிந்தது. மூன்றாம் கட்டத்தின் கடைசியில் கதாநாயகி ரயிலில் ஏறினாள். ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. சுரங்கத்தின் அந்தப் பக்கம்தான் நாலாம் கட்டம். கேசினி அவர் தோளைப் பிடித்தாள்.

படம் நின்றது. "பராமரிப்பு வேலைக்காகச் சேர்வர் மூடப்பட்டுள்ளது. உங்களுக்கு இடையூறு இல்லாத நள்ளிரவு நேரத்தில் இது செய்யப்படுகிறது."

வெளியே பதுளையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நள்ளிரவு கம்பெனிக்காரர்களுக்கு.

மத்தியானம் வரை பார்த்தார்கள். ஹுமைத் கடையைச் சாத்தாமல் சோற்றுப் பார்சல் எடுப்பித்துக் கொடுத்தார். பின்னேரமும் திறக்கவில்லை. கடைசி பஸ்ஸை விட்டால் போக வழியில்லை. போர்வையைத் திரும்பச் சுற்றினார்கள்.

அதற்குப் பிறகு மழை. பசறை வழியில் மண் சரிந்து பாதை மூடியது. பாதை திறந்து அவர் மறுபடி போனபோது, மண்சரிவில் அறுந்த கேபிள் கடைக்கு இன்னும் சரிவரவில்லை; ஹுமைத் ஒரு தட்டை எடுத்து நீட்டினார்.

"சேர், பூட்ட ஒடச்ச கொப்பி வந்துட்டு. இன்டர்நெட் ஒண்டும் கேக்காது. கொண்டு போங்க, எனக்கு ஒண்டும் வேணாம்."

இரகுநாதன் அதைக் கையில் வாங்கவில்லை. தம்பியைக் கேட்காமல் எப்படி? மதுரனோடு போனில் பேசிக் கேட்டார்.

"வேண்டாம் அண்ணா. இந்தக் களவுக் கொப்பியளாலதான் கம்பெனிக்கு நட்டமெண்டு சொல்லி எங்கட பகுதியில பாதிப் பேரை நிப்பாட்டிப்போட்டாங்கள். நீங்களும் அதை எடுத்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"சரியடா. நான் எடுக்கேல்லை."

எடுக்கவில்லை. ஹுமைத் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களெல்லாம் அந்த உடைத்த கொப்பியை வீட்டில் வைத்து, மின்சாரம் இருந்தால் போதும் என்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டியும் தம்பியின் பெயருமாக ஒழுங்கான தட்டை வைத்திருந்த இரகுநாதன், பனி எப்போது விலகும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

2009 ஆனியில் மதுரனையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆவணியில் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியது. வாங்கியவர்களுக்கு இந்த விளையாட்டு வேண்டாம். சேர்வரை மூடப்போவதாக அறிவித்தார்கள். இரகுநாதன் பதுளைக்கு ஓடிய நாளில் அது ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. இப்போது தட்டைப் போட்டால் முதல் திரைக்கு அப்பால் போகாது.

"இனி எடுங்கோ அண்ணா," என்றான் மதுரன். "இனி ஆருக்கு நட்டம்?"

ஹுமைத் கடையிலேயே அந்த உடைத்த கொப்பியைப் போட்டார்கள். முதல் மூன்று கட்டமும் வழுக்கிக்கொண்டு போயின. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இருட்டு. சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. ரயில் வெளியே வரவே இல்லை.

ஹுமைத் இரண்டு மூன்று தரம் முயன்றார். வேறு கொப்பி ஒன்றும் போட்டுப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"எல்லாரும் இந்த எடத்துல நிக்குது எண்டுதான் சொல்றாங்க சேர். அடுத்த கட்டத்துக்குரிய சாமான் தட்டுலயே இல்லையாம். சேர்வர்லேருந்துதான் வரணுமாம். நாங்க என்ன செய்ற?"

இரகுநாதன் அந்த இருட்டைப் பார்த்தபடி இருந்தார். அதற்குள்ளே எங்கோ கொஞ்சத் தூரத்தில் அப்பா நிற்கிறார் என்பதுபோல.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரன் போன் எடுத்தான். ஒரு மரக்கறிக் கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தான்.

"ஒரு படமாவது உன்னட்ட இல்லையோ?" என்று இரகுநாதன் கேட்டார்.

"ஒண்டும் வெளியில எடுக்க விடமாட்டாங்கள் அண்ணா. எல்லாம் அவங்கட கம்பியூட்டரில. நிப்பாட்டின அண்டைக்கே என்ர கதவு பூட்டியாச்சு."

"என்ன உடுப்புப் போட்டிருந்தவர்?"

"வெள்ளைச் சேட்டு. கையை மடிச்சு விட்டிருந்தவர்."

"எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவர்?"

"ரயில் வாற பக்கம். நீங்கள் கிட்டப் போனாத் திரும்பிப் பாப்பார். அவ்வளவுதான். கதைக்க விடேல்லை, நேரமில்லை எண்டுபோட்டாங்கள்."

"திரும்பிப் பாத்தா... சிரிப்பாரோ?"

மதுரன் யோசித்தான். அங்கே பின்னால் யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு இப்ப சரியா ஞாபகமில்லை அண்ணா," என்றான். "சிரிக்கச் செஞ்சனான் எண்டுதான் நினைக்கிறன்."

தொடுப்பு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. மறுநாள் காலையில் தனலெட்சுமி வாளியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. இரகுநாதன் ஜன்னலைத் திறந்தார். தோட்டத்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.