சோதனைத் தாளின் பச்சை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடம் கண்ணாடி தேய்த்தவர் அவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும் என்பதால் அளவு விஷயத்தில் கறாரானவர். ஓய்வு பெற்றதும் அந்தக் கறாரை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். ஐந்நூறு லிட்டர் தொட்டியில் முப்பத்திரண்டு திலாப்பியா மீன்கள். பக்கத்தில் மேசை உயரத்தில், சரளைக்கல் நிரப்பிய இரண்டு பாத்திகள். மீன்கழிவு கலந்த தண்ணீரைச் சின்ன மோட்டார் பாத்திக்கு ஏற்றும். செடிகள் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, தெளிந்த தண்ணீர் தொட்டிக்கே திரும்பி இறங்கும். வெயிலுக்கு நிழல்வலை, மழைக்கு பிளாஸ்டிக் கூரை. வருடத்தின் எந்த மாதத்திலும் அங்கே ஏதாவது ஒன்று காய்த்துக்கொண்டிருக்கும்.

"மண்ணும் கிடையாது, மருந்தும் கிடையாது" என்று, கேட்டவர்களிடம் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். "ரெண்டு கத்தரிக்காய் வாங்கினா ஒரு மணி நேரப் பாடம் இலவசம்" என்பார் கீழ்வீட்டுத் தபால்காரர்.

விதை மட்டும் அவருக்கு வசப்படவில்லை. அவர் வைத்தால் ஒன்று அழுகும், இல்லையென்றால் காயும். கல்யாணமாகி எட்டு மாதமே ஆன மருமகள்தான் அதைச் சரிக்கட்டினாள். விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து, வெள்ளை முளை எட்டிப்பார்த்ததும் ஒவ்வொன்றாக நார்த்துண்டுகளில் பதித்து, தட்டை நிழலில் வைப்பாள். நாலு இலை விட்டதும் அவர் பாத்திக்கு மாற்றுவார். அந்த வீட்டில் யாரும் தலையிடாமல் முழுக்க அவள் கையில் இருந்த வேலை அது ஒன்றுதான்.

அவரும் மனைவியும் மூன்று நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் அவரைக்கொடியின் இலைகளைத் திருப்பிப் பார்த்தார். அடியில் அப்பியிருந்தது அசுவினி. சோப்புத் தண்ணீர் தெளித்தும் இரண்டு வாரமாகப் போகாத பூச்சி. திரும்பி வந்த மறுநாள் மாடித்தோட்டக்காரர்கள் பதினைந்து பேர் பார்க்க வருவதாக இருந்தது. ரோஜாச் செடிக்கென்று வாங்கிய மருந்துப் புட்டி படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. எடுத்துவந்து நாலு பீச்சு பீச்சினார். இலையில் மட்டும்தானே என்று நினைத்துக்கொண்டார். இலையில் விழுந்தது சொட்டும், சொட்டினது சரளைக்குள் போகும், சரளைக்குள் போனது தொட்டிக்கு வரும் என்பது ஊருக்கெல்லாம் அவரே எடுத்த பாடம்.

திரும்பி வந்தபோது மருமகள் படியிலேயே நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்க போன அன்னிக்குக் காலைலயே மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு மாமா. மத்தியானத்துக்குள்ள மிதக்க ஆரம்பிச்சிடுச்சு. எடுக்கப் பயந்து அப்படியே விட்டுட்டேன். நீங்க சொன்ன ஒரு பிடி தீனிதான் போட்டேன். பயணத்துல பதறுவீங்கன்னு போன்ல சொல்லல."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு பிடின்னா எந்தக் கைப்பிடி?" என்றாள் மனைவி. "மீன் என்ன விருந்தாளியா, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு போட?"

"விடும்மா" என்றான் மகன். அவன் பேச்சு அதோடு சரி.

அவர் தண்ணீரில் சோதனைத் தாளை நனைத்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய கட்டம் கரும்பச்சையானது. "அமோனியா ஏறியிருக்கு" என்று எல்லாரிடமும் காட்டினார். தீனி மிஞ்சி அழுகினால் அமோனியா ஏறும். செத்த மீன் இரண்டு நாள் கிடந்தாலும் ஏறும். பொய்யாக ஒரு சொல்கூட அவர் சொல்லவில்லை. பின்னால் நடந்ததை முன்னால் வைத்தார், அவ்வளவுதான். பொய் சொல்கிறவனுக்காவது தான் பொய் சொல்கிறோம் என்று தெரியும். அந்தத் தாளைப் பிடித்திருந்த அரை நிமிடம் அவருக்கே அது உண்மைபோல இருந்தது.

பிறகு செடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தார். சரளையைக் கழுவினார், தண்ணீரை மாற்றினார். பார்க்க வருவதாக இருந்தவர்களுக்கு, "வீட்ல ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு" என்று போனில் சொன்னார். யாருடைய தவறு என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்தால் காது சுட்டது.

ஆறு வாரம் போனது. புது மீன்குஞ்சுகள் வந்தன. மருமகள் இப்போதெல்லாம் சமையலறையில், "உப்பு இவ்வளவு போதுமா அத்தை?" என்று கரண்டியை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் போட்டாள். அடுப்பை அணைக்கவும் கேட்டாள். கேட்கும் அவள் குரலை அவரால் தாங்க முடியவில்லை. சாப்பிடும் நேரத்தை மாற்றிக்கொண்டார்.

ஒரு ஞாயிறு காலையில், துணி காயப்போட வந்தவளிடம் தக்காளி விதைப் பொட்டலத்தை நீட்டினார்.

"வேண்டாம் மாமா. நீங்களே போடுங்க."

"நான் போட்டா முளைக்காதேம்மா."

"நான் போட்டு ஏதாவது ஆச்சுன்னா?"

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மீன் செத்தது உன்னால இல்ல. நான்தான் கிளம்புறதுக்கு முந்தின நாள் மருந்து அடிச்சேன்."

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டு, சுருக்கம் நீவினாள்.

"அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அவர்கிட்ட?"

"இல்லம்மா."

"அப்ப என்கிட்ட எதுக்கு மாமா சொல்றீங்க? நான் அதிகமா போடலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

பாதிக்கப்பட்டவளிடம் தனியாகச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். அது பாதியை அவள் தலையில் ஏற்றுகிற வேலை என்பது அப்போதுதான் உறைத்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் உட்கார்ந்தார். தட்டில் கை வைக்காமல் சொன்னார். மருந்துப் புட்டியைச் சொன்னார், சோதனைத் தாளையும் சொன்னார். தாளைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மகன் தலை நிமிரவில்லை. அவனும் கூசிப்போயிருந்தான்.

"ஆறு வாரமா வாயில என்ன வச்சிருந்தீங்க?" என்றாள் மனைவி. சட்டென்று அவள் முகம் மாறியது. "ஐயோ, நான் அக்காகிட்ட வேற சொல்லிட்டேனே. மருமகளுக்குக் கை நிதானம் இல்லன்னு."

அவளுடைய அக்காவுக்குக் காது மந்தம். அவளிடம் போனில் பேசினால் மூன்று மாடிக்கும் கேட்கும். அன்றைக்கும் கேட்டிருக்கும்.

"போனைப் போடு. நானே சொல்றேன்."

"சாப்பிட்டுட்டுப் பேசுங்களேன்."

"இப்பவே போடு."

அக்கா எடுத்தாள். அவர் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "ஒண்ணும் கேக்கல, சத்தமா சொல்லுங்க" என்றாள் அவள். குரலை உயர்த்தினார். "யாரு, மருமகளா?" என்றாள்.

"இல்ல, நான்! மருந்து அடிச்சது நான்! பழியை அவமேல போட்டதும் நான்தான்!"

மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த செருப்புச் சத்தம் நின்றது. எதிர்வீட்டில் தொலைக்காட்சி ஒலியை யாரோ குறைத்தார்கள். மனைவி பதறி எழுந்து ஜன்னல் கதவில் கை வைத்தாள்.

"திறந்தே இருக்கட்டும் அத்தை" என்றாள் மருமகள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் போனில் அக்கா.

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.